திருவாதவூர்க் கிடா

கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். மதுரையில் இருக்கிறது, சுற்றுச்சுவர் நீளமாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் அக்காள் மகன் அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதப்போகிறான். அவனுக்கும் ஓர் இடம் வேண்டியிருக்கும்.

அந்தக் கல்லூரியில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த விவரம் தெரியாமல் போய்விடக் கூடாதே என்ற அக்கறையில், மே மாதந்தோறும் ஓர் ஆலோசனைக் கூட்டம் நடத்துவார்கள். 1982ஆம் வருடக் கூட்டத்துக்கு எழுமலையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். ஒருவன் உக்கிரபாண்டி. இன்னொருவன் அவனுடைய தாய்மாமன் மகன் பேயாண்டி. இருவரும் ஒரே பள்ளியில் படித்து, ஏறக்குறைய ஒரே மாதிரி மோசமான மார்க் வாங்கியவர்கள். ஊர்ச் சடுகுடு அணியிலும் இருவரும் இருந்தார்கள். ஒற்றுமை அத்தோடு சரி.

பேயாண்டி பாடிப் போனால் தொடாமல் திரும்பமாட்டான். நாலு பேர் சேர்ந்து அமுக்கினாலும் மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்து சேருவான். உக்கிரபாண்டி ஏழாவது ஆள். அவன் அணியில் இருந்ததற்குக் காரணம் அவனுடைய அப்பாவின் டிராக்டர். வெளியூர்ப் பந்தயத்துக்கு அணியை ஏற்றிக்கொண்டு போக டிரெய்லர் வேண்டும்; டிராக்டரைச் சேர்த்துக்கொண்டு பையனை மட்டும் விட்டுவிடுவது மரியாதையில்லை. இது உக்கிரபாண்டிக்கும் தெரியும். அதனால் களத்தில் அவன் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஓரமாக நின்றுகொள்வான்.

கல்லூரி கிடைக்காவிட்டால் உக்கிரபாண்டி டிராக்டர் ஓட்டலாம். பேயாண்டிக்கு அப்பா இல்லை. அம்மா முத்துத்தாய் களையெடுக்கப் போகிறவள். மழை பொய்த்த வருடம் அது. ஊரெல்லாம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கல்லூரி இல்லையென்றால் கிணறு வெட்டும் கூட்டத்தோடு போவதென்று மேஸ்திரியிடம் பேசியாயிற்று.

ஆலோசனைக் கூட்டத்தில் பேசியவர் உடற்கல்வி இயக்குநர். கழுத்தில் விசில் தொங்கியது. அது வயிற்றின் மேல் சௌகரியமாகப் படுத்திருந்தது.

"மாணவமணிகளே! விளையாட்டு வீரனுக்கு எது முக்கியம்? உடம்பா? உடம்பு இன்றைக்கு இருக்கும், நாளைக்குச் சுளுக்கிக்கொள்ளும். பயிற்சியா? நீ பயிற்சி செய்ததை யார் பார்த்தார்கள்? ஃபைல்! ஃபைல்தான் வீரன். முப்பது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். ஒருநாள்கூட எனக்கு வேர்த்ததில்லை. ஏன்? என் ஃபைல் அவ்வளவு சுத்தம்!"

கைதட்டல் அடங்கியதும், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். பேயாண்டி எழுந்தான்.

"சார், நாங்க ஆடுறத எப்ப பாப்பீங்க?"

இயக்குநர் அவனைப் பரிவோடு பார்த்தார். "ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தால் பாரபட்சம் வந்துவிடும், தம்பி. நன்றாக ஆடுகிறவன்மேல் மனசு சாய்ந்துவிடும். அந்தத் தவறு நடந்துவிடக் கூடாதென்றுதான் நாங்கள் சான்றிதழை மட்டும் பார்க்கிறோம்."

பேயாண்டி உட்கார்ந்தான். "நம்மகிட்ட ஒரே ஒரு தாள்தேன மாப்ள இருக்கு?" என்று உக்கிரபாண்டியின் காதில் கேட்டான். உக்கிரபாண்டி கேட்காததுபோல் மேடையைப் பார்த்தான்.

அந்தத் தாளின் கதை இது. அந்த வருடப் பொங்கலுக்குத் திருவாதவூரில் பந்தயம். ஜெயித்த அணிக்கு ஒரு கிடா. எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் பரிசென்றால் கிடாதான். ஜெயித்தவர்கள் அங்கேயே கண்மாய்க் கரையில் அறுத்து, கூறு போட்டு, சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அந்த முறை மதுரையிலிருந்து யாரோ ஒரு சங்கத்துக்காரர் வந்து, கிடாவோடு கூட ஒரு சான்றிதழையும் கொடுத்தார். 'சிறந்த ஆட்டக்காரர்' என்று அச்சடித்திருந்தது. பெயர் எழுதுமிடம் காலி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று ஜெயித்துக் கொடுத்தது முழுக்கப் பேயாண்டி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் கூறு போடும்போது ஒரு சிக்கல் வந்தது. உக்கிரபாண்டி பழனிக்கு மாலை போட்டிருந்தான். கறி தொடமாட்டான். களத்தில் நின்றவன் எவனும் வெறுங்கையோடு போகக் கூடாதென்பது அணியின் வழக்கம். அணித்தலைவர் சோலை யோசித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அந்தத் தாள உக்கிரபாண்டிக்குக் குடுத்துருங்கடா. கறி திங்காதவனுக்கு அதுதேன் கூறு."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கறிக்கு முன்னால் தாள் ஒரு பொருட்டா? அணியிலேயே கையெழுத்து நன்றாக இருப்பது பேயாண்டிக்கு. அவன்தான் கறிக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, காலியிடத்தில் 'உக்கிரபாண்டி' என்று அழகாக எழுதிக் கொடுத்தான். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. தாளின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் எண்ணெயாகப் பதிந்துவிட்டது.

ஜூன் மாதம் நேர்முகத் தேர்வு. சடுகுடுவுக்கு ஒரே ஓர் இடம். நீண்ட மேஜைக்குப் பின்னால் முதல்வர், இயக்குநர், அலுவலகக் கண்காணிப்பாளர் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுமலையிலிருந்து வந்த இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். முதலில் பேயாண்டி.

"சான்றிதழ்?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்லங்க சார். நாங்க ஜெயிச்சா கெடாதேன் குடுப்பாய்ங்க."

"அது எங்கே?"

"தின்டோம் சார்."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். "தின்றதற்கு அத்தாட்சி உண்டா?"

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. விதிக்கு உட்பட்டு உதவி செய்யத் தயாராக இருந்தார். பரிசு எந்த வடிவத்தில் வந்தாலும் பரிசுதான். ஆனால் மூலத்தையோ, கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட நகலையோ சமர்ப்பிக்க வேண்டும். ஒரு வாரம் அவகாசம் தருகிறோம், இருவரும் அன்றைக்கே வாருங்கள் என்றார்.

பேயாண்டி அந்த ஒரு வாரத்தையும் வீணாக்கவில்லை. திருவாதவூருக்குப் போய்க் கண்மாய்க் கரையைச் சுற்றியிருந்த வீடுகளில் விசாரித்து, ஒரு வீட்டில் துணி மாட்டுவதற்காகச் சுவரில் அடித்து வைத்திருந்த கிடாக் கொம்பு இரண்டையும் கேட்டு வாங்கினான். அந்தக் கிடாதான் அது என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் எழுதி வாங்கினான். கெஜட்டட் அதிகாரிக்கு அலைந்தான். கடைசியில் ஒரு கால்நடை மருத்துவர், இவன் அழாத குறையாக நின்றதைப் பார்த்து, கொம்பிலேயே பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் இரண்டு கொம்பும் மேஜைமேல் இருந்தன. கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதில் கையெழுத்து இருக்கிறது. அதில்?"

"ரெண்டும் ஒரே கெடாவோடதுதேன் சார்."

"அதை நீ சொல்கிறாய். கொம்பு சொல்லவில்லையே." பிறகு இரண்டையும் ஃபைலுக்குள் வைத்து மூடிப் பார்த்தார். மூடவில்லை. நாடாவை இழுத்துக் கட்டிப் பார்த்தார். ஃபைல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "பார்த்தாயா? நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஃபைல் ஏற்றுக்கொள்ளவில்லை" என்றார் வருத்தத்தோடு.

அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. பேயாண்டிக்குப் பொறுக்கவில்லை. "சார், ஒரே ஒரு தடவ ஆடிக் காட்டுறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான்.

மைதானத்துக்குப் போக முடியாது. விளையாட்டு விழாவுக்குள் புல் கெட்டுவிடக் கூடாதென்று வருடம் முழுக்க அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். முதல்வர் பெருந்தன்மையானவர். "சரி, இங்கேயே ஆடிக் காட்டு. எங்களை எதிரணியாக வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். பேயாண்டிக்கு அந்த வேடிக்கை புரியவில்லை. வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூச்சை இழுத்து, "சடுகுடு சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

அடுத்து நடந்ததை உக்கிரபாண்டி வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டான். பேயாண்டி மேஜைக்கடியில் புகுந்து முதல்வரின் செருப்பு நுனியைத் தொட்டான். எழுந்து கண்காணிப்பாளரின் தோளைத் தட்டினான். முப்பது வருட அனுபவம் உசுப்பிவிட, இயக்குநர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தார். பேயாண்டி மேஜைமேல் ஏறி அவருடைய வயிற்றில் ஒரு விரலை வைத்துவிட்டு, பாட்டு அறுபடாமல் வாசற்படிக்குத் திரும்பிவிட்டான். இயக்குநர் நாற்காலியோடு தரையில் கிடந்தார். விசில் தானாக ஒருமுறை ஊதியது.

பிறகு மூவரும் கலந்தாலோசித்தார்கள். முதல்வர் முடிவைச் சொன்னார்.

"எதிரணியில் ஏழு பேர் இருக்க வேண்டும். நாங்கள் மூவர். ஆகவே ஆட்டமே செல்லாது. களத்தில் மேஜை இருந்ததும் விதிமீறல். தவிர, முதல்வரைத் தொடுவதற்கு முன்அனுமதி வாங்க வேண்டும்."

பிறகு உக்கிரபாண்டியின் முறை வந்தது. அவன் தாளை நீட்டினான். கண்காணிப்பாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது ஃபைலுக்குள் அழகாகப் படுத்துக்கொண்டது. மூவர் முகத்திலும் ஒரு நிம்மதி.

"நானும் ஆடிக் காட்டணுமா சார்?" என்று கேட்டான்.

"சான்றிதழ் இருப்பவரைச் சோதிப்பது சான்றிதழை அவமதிப்பது" என்றார், இடுப்பைத் தடவிக்கொண்டிருந்த இயக்குநர்.

"ஓரத்தில் இதென்ன கறை?" என்றார் கண்காணிப்பாளர்.

"வேர்வையாக இருக்கும். உழைத்திருக்கிறான்" என்றார் முதல்வர்.

"இது உன்னுடையதுதானே?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

அந்தக் கேள்விதான். பேயாண்டி வாசலருகே கொம்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். உக்கிரபாண்டி அதற்காக வாயையும் திறந்தான்.

"என் பங்குக்கு வந்தது சார்" என்றான்.

பொய்யில்லை. அதனால்தான் அது அவனை அதிகமாக அரித்தது. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று தன்னைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். உண்மையை வைத்தே ஒருவனுடைய இடத்தைப் பிடுங்கியவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் பேயாண்டிதான் ஆறுதல் சொன்னான். "ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்க? நீ மாலை போட்டிருந்த, நான் கறி தின்டேன். யாரு செஞ்ச தப்பு?" உக்கிரபாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கல்லூரி திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உக்கிரபாண்டியால் தாங்க முடியவில்லை. முதல்வரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாலை, கூறு, கட்டைவிரல், டிராக்டர் எல்லாம்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். "தம்பி, நீ சிறந்த ஆட்டக்காரன் இல்லையென்றால் நாங்கள் தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தோம் என்றாகும். இந்தக் கல்லூரியில் இதுவரை தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. ஆகவே நீ சிறந்த ஆட்டக்காரன்தான். இதற்குமேல் மறுத்தால் நிர்வாகத்தை அவதூறு செய்ததாகும்."

"அப்ப இந்த எடத்த அவனுக்குக் குடுத்துருங்க சார்."

"நீ விலகினால் இடம் காலியாகும். காலியான இடத்தை நிரப்பக் கூடாது. அதுதான் விதி. இடம் யாருக்கும் இல்லாமல் போவதைவிட உனக்கு இருப்பது நல்லதில்லையா?"

உக்கிரபாண்டி வெளியே வந்தான். தான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக அன்று ராத்திரி நினைத்துப் பார்த்தான். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நேர்முகத் தேர்வு அன்றைக்கு, பேயாண்டி வாசலில் நின்றபோது சொல்லியிருக்க வேண்டும். இடம் தன் பெயருக்கு உறுதியான பிறகு உண்மை பேசுவது எம்புட்டுச் சுளுவு!

மாசி மாதம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. அதுவரை அணிக்கு இயக்குநர் கொடுத்த பயிற்சி, குரூப் போட்டோவுக்கு வரிசையாக நிற்பது. போட்டிக்கு நாலு நாள் முன்னால், வேறு வழியில்லாமல் மைதானத்தைத் திறந்து ஆடவிட்டார்கள். உக்கிரபாண்டி பாடிப் போனான். போன வேகத்தில் பிடிபட்டான். மறுபடி போனான். அந்த முறை யாரும் பிடிக்குமுன்பே மூச்சு போய்விட்டது.

இயக்குநர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை. "அன்றைக்கு என் வயிற்றில் விரல் வைத்தானே, அவன் இப்போது எங்கே?"

"கெணறு வெட்டுறான் சார்."

"கூட்டிக்கொண்டு வா. உன் பெயரில் ஆடட்டும். பெயர் ஃபைலில் இருக்கிறது. ஆள் களத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை."

உக்கிரபாண்டி முடியாதென்று சொல்லியிருக்கலாம். பஸ் ஏறினான்.

கிணறு எழுமலைக்குத் தெற்கே ஒரு கரட்டோரம், மொட்டைக் குன்றின் அடியில் இருந்தது. எட்டிப் பார்த்தபோது, அடியில் பாறைமேல் ஒரு தலை மட்டும் தெரிந்தது. கூப்பிட்டான். காதில் விழவில்லை. கையைக் குவித்துக்கொண்டு இன்னொரு தடவை கத்தினான். பேயாண்டி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து ஏறி வந்தான். உடம்பெல்லாம் கல்தூசு. உள்ளங்கை வெடித்திருந்தது.

உக்கிரபாண்டி விஷயத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடித்ததும் அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழ வேண்டுமென்றும் இருந்தது.

பேயாண்டி கொஞ்சம் யோசித்தான். "மேஸ்திரிகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்றான். நாலடி நடந்து திரும்பினான். "ஏன் மாப்ள, ஜெயிச்சா கெடா உண்டா?"

போட்டியன்று மைதானம் முழுக்கக் கூட்டம். "உக்கிரபாண்டி! உக்கிரபாண்டி!" என்று பையன்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். உக்கிரபாண்டி ஓரத்தில் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பேயாண்டி அன்று ஆடியதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வெடித்த உள்ளங்கையோடு எதிரணியைத் திரும்பத் திரும்பக் காலி செய்தான் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசளிப்பு. "சிறந்த ஆட்டக்காரர், உக்கிரபாண்டி!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பேயாண்டி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்தான். இயக்குநர் அவன் தோளை அமுக்கி உட்காரவைத்துவிட்டு, உக்கிரபாண்டியின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "ஆட்டம் அவனது. மேடை உன்னுடையது. போ."

சிறப்பு விருந்தினர் உக்கிரபாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வியந்தார். "இவ்வளவு நேரம் ஆடியும் ஒரு சொட்டு வேர்வை இல்லை! சட்டையில் ஒரு பொட்டு மண் இல்லை! பயிற்சி என்றால் இதுவல்லவா பயிற்சி!"

"எல்லாம் ஃபைல்தான்" என்றார் இயக்குநர்.

சாயங்காலம் விடுதியில் கிடா விருந்து. பேயாண்டியை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. உக்கிரபாண்டி ஓர் இலையில் கறியை அள்ளிக் கட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே எடுத்துப் போனான். இன்னொரு கையில் அன்றைய சான்றிதழ். ஒரு கையில் கறி, ஒரு கையில் தாள் என்பது பாதி வழியில்தான் அவனுக்கு உறைத்தது. நின்றுவிட்டான். பிறகு நடந்தான்.

பேயாண்டி மைல்கல்லில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். உக்கிரபாண்டி தாளை நீட்டினான். "இத நீ வச்சுக்க மாப்ள. ஒன்னோடது."

பேயாண்டி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான். இந்த முறை காலியிடம் விடவில்லை. பெயரை அச்சிலேயே போட்டிருந்தார்கள். "இத வச்சு நான் என்ன செய்ய? ஓம் பேருல்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தான்.

"நான் படிப்ப விட்டுர்றேன்டா."

"விட்டா எனக்குக் குடுப்பாய்ங்களா?"

உக்கிரபாண்டி தாளைச் சுருட்டிக்கொண்டான்.

"குடுக்க மாட்டாய்ங்கல்ல? அப்பப் படி." ஒரு துண்டை எடுத்து அவன் பக்கம் நீட்டினான். "ஒனக்குத்தேன் இப்ப மாலை இல்லையே. தின்னு."

உக்கிரபாண்டி வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். இறங்கவில்லை. அழுகை வந்தது, அதையும் கறியையும் சேர்த்து விழுங்கப் பார்த்தான்.

எழுமலை பஸ் வந்தது. பேயாண்டி மிச்சக் கறியை அம்மாவுக்கென்று மடித்துக்கொண்டு ஏறினான். படியில் நின்று திரும்பினான்.

"அடுத்த மேட்ச்சுன்னா கொஞ்சம் முன்னாடியே வந்துரு மாப்ள. இன்னும் ஆழம் போயிட்டம்னா நீ கூப்புடுறது கேக்காது."

பஸ் போன பிறகு உக்கிரபாண்டி கேட்டுக்குத் திரும்பினான். இருட்டத் தொடங்கியிருந்தது. அதற்குள் பணி மாறி வந்திருந்த ராத்திரி வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டி, "யாருப்பா நீ?" என்றார்.

கேட்கிற ஆள் முதல்வர் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை. சொன்னால் எதுவும் கெட்டுவிடாது. உண்மையைச் சொல்ல அதைவிடச் சுலபமான இடம் அவனுக்கு இனி வாய்க்கப்போவதில்லை.

உக்கிரபாண்டி தாளை நீட்டினான். வாட்ச்மேன் அதை லைட் கம்பத்தடியில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "அட, நீதானா அந்த உக்கிரபாண்டி! இன்னைக்கு என்னா ஆட்டம்ப்பா ஆடுன!" என்று சொல்லி, கேட்டை நன்றாக அகலத் திறந்துவிட்டார்.